பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் வழி அவ்வளவு நேரானதல்ல. 2006இல் வட இந்தியச் சுற்றுலா சென்ற பெங்களூரு மாணவிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உடனே மருத்துவம் பார்க்காத பள்ளிமீது வழக்கு. தேசிய நுகர்வோர் ஆணையம் 50 லட்சம் ரூபாயாகக் குறைத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் பழையபடி 88.73 லட்சமாக்கியது.

சரி, சிக்கல் எங்கே? நுகர்வோர் சட்டப்படி கல்வியே ‘சேவை’ அல்ல, எனவே அதன்மீது புகார் செல்லாது, பள்ளி நடத்தும் சுற்றுலா, நீச்சல், விளையாட்டுகூடக் கல்வியில் அடங்கும் என்று 2020இல் தேசிய ஆணையம் சொல்லிவிட்டது (பயிற்சி மையங்களுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை). எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பள்ளிகள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆகவே கவனக்குறைவுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கும் வழியையும் வக்கீலிடம் விசாரியுங்கள். நுகர்வோர் புகார் என்றால் கெடு 2 ஆண்டு. பெற்றோரிடம் வாங்கும் ‘நாங்கள் பொறுப்பல்ல’ கையெழுத்து மட்டும் பள்ளியின் கவனக்குறைவை மறைத்துவிடாது.