கூடல்லூர்க்காரரின் சிவப்பு: டீச்சரிடம் கேளுங்கள்

அச்சுதன் கூடல்லூரின் அரூப (உருவம் இல்லாத) ஓவியங்களைப் பற்றியும், அவற்றை எங்கே பார்ப்பது என்பது பற்றியும் வந்த கேள்விகளுக்குப் பதில். கேட்டவர்களை ஊர்ப் பேரால் குறித்திருக்கிறேன். கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ட்ராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை: ஏனுங்க டீச்சர், இவர் யாருங்க? நம்ம பக்கம்னு சொல்றாங்களே?

நம்ம ஜில்லாதான். 1945-ல் பாலக்காடு ஜில்லா கூடல்லூரில் பிறந்தார். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய்த் தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். ஓவியக் கல்லூரியில் பட்டம் எடுத்தவரில்லை. எழும்பூர் பக்கம் அந்தக் கல்லூரி வளாகத்தில் நடந்த மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரத்தில் கற்றுக்கொண்டார். முதலில் மனித உருவங்களைத்தான் வரைந்தார். உருவங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் நிறம் மட்டும் நின்றது. 1988-ல் லலித் கலா அகாடமியின் தேசிய விருது கிடைத்தது. 2022 ஜூலையில் சென்னையில் காலமானார்.

பொள்ளாச்சி: கூடலூர் என்றால் ஊட்டி போகிற வழியில் இருப்பதா?

இல்லை. கம்பம் பக்கத்துக் கூடலூரும் இல்லை. இது பட்டாம்பி தாலுகா.

வாளையாறு: இயற்கையைப் பார்த்து வரைந்தவர் என்கிறார்கள். நெட்டில் தேடிப் பார்த்தேன். மரமும் இல்லை, மலையும் இல்லை. சிவப்பாக ஒரு அட்டை மாதிரி இருக்கிறது.

நீங்கள் பார்த்தது போன் திரையில். அங்கேதான் கோளாறு. சிவப்பு என்றாலே போன் கேமரா தடுமாறும். சிவப்பின் மேல் இன்னொரு சிவப்பு, அதற்கடியில் கொஞ்சம் காவி, ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கிறது என்று தீட்டியிருந்தால், படம் பிடிக்கும்போது எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிடும். நேரில் பார்த்தால் ஒவ்வொரு படலமும் தனித்தனியாகத் தெரியும். கித்தானில் நிறம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே சுரண்டி எடுத்தமாதிரி மெலிந்திருக்கிறது என்பதைக் கண் கண்டுபிடிக்கும். போனில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

இனி மரமும் மலையும். பங்குனி, சித்திரையில் கொழிஞ்சாம்பாறை கரிசல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கேரளத்தில் கரிசல் மண் நம்ம சித்தூர் பக்கம்தான். அந்த வெடிப்பை அப்படியே வரையலாம், அது ஒரு வழி. வெடிப்பின் வறட்சி, உள்ளே இருக்கும் இருட்டு, மேலே விழும் வெயில், இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை விட்டுவிடலாம், அது இன்னொரு வழி. கூடல்லூர் போனது இரண்டாவது வழியில். ஆகவே அவர் படத்தில் பனைமரத்தைத் தேடினால் கிடைக்காது. பாலக்காட்டுக் கணவாயில் காற்று அடிக்கிறபோது பனையோலை எழுப்புகிற சத்தத்துக்கு ஒரு நிறம் இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டு பாருங்கள்.

வேலந்தாவளம்: அந்தச் சிவப்பு பகவதி கோயில் குருதி. மலையாளத்து மண்ணில் பிறந்தவருக்கு அதுதான் வரும்.

கோவிந்தாபுரம்: மேலே சொன்னவருக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேலே தமிழ்நாட்டில் இருந்தவர். அது நம்ம செம்மண். சோறு போட்ட மண்தான் படத்தில் வரும்.

வேலந்தாவளம்: பிறந்த ஊர்ப் பேரைத்தானே பேரோடு வைத்திருந்தார்? செம்மண்ணூர் என்றா வைத்தார்?

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மொத்தம் பதினோரு கடிதம் இந்த ஒரு சண்டைக்கு வந்திருக்கிறது. எனக்குக் கோபம் இல்லை, ஒரு ஓவியத்தைப் பற்றி எல்லை ஊர்கள் இவ்வளவு பேசுவது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறீர்கள். நிறத்தை ஒரு பொருளின் பேருக்குச் சமமாக்குகிறீர்கள். சிவப்பு என்றால் குருதி, சிவப்பு என்றால் செம்மண் என்று எழுதிவைத்துவிட்டால் அப்புறம் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

ஊர்க் கணக்குத்தான் வேண்டும் என்றால் ஆற்றைப் பாருங்கள். ஆனைமலையில் பிறந்து ஆழியாறாக வருகிற தண்ணீர் நம்ம சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையில் சேர்ந்து மேற்கே போகிறது. சைலன்ட் வேலிக் காட்டிலிருந்து வரும் குந்திப்புழை, தூதப்புழையோடு கலந்து வந்து அந்தப் பாரதப்புழையில் சேருகிற இடம் கூடல்லூர். ஊரின் பேரிலேயே கூடல் இருக்கிறது. கோவிந்தாபுரத்துக்காரர் கால் நனைக்கிற தண்ணீரும் அங்கேதான் போகிறது. வேலந்தாவளத்துக்காரர் இதற்கும் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

மீனாட்சிபுரம்: இதை என் பேத்தியும் வரைவாள் டீச்சர்.

வரையட்டும் அம்மணி. நல்ல பேப்பர் வாங்கிக் கொடுங்கள். ஒரு நிறம் காயும்வரை காத்திருந்து அதன் மேல் அடுத்ததை வைக்கவும், எங்கே நிறுத்தவேண்டும் என்று முடிவு செய்யவும் சொல்லுங்கள். அப்போது தெரியும்.

ஒழலப்பதி: எங்கே போனால் பார்க்கலாம்?

டில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஆனால் சேகரிப்பில் இருப்பது வேறு, சுவரில் மாட்டியிருப்பது வேறு. எந்தக் கலைக்கூடமும் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் காட்டாது. மாற்றி மாற்றி வைப்பார்கள். கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள். விடுமுறை நாளையும் பாருங்கள்: டில்லியில் திங்கள்.

அவருக்கு முந்தைய தலைமுறையையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் திருவனந்தபுரம் போங்கள். மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கருக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. பணிக்கர் 1911-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். இளவயதில் கேரளத்துக் கால்வாயையும் தென்னையையும் வாட்டர்கலரில் வரைந்தார். 1963-லிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்துப்போன்ற கோடுகளும் வந்தன. இயற்கையிலிருந்து அரூபத்துக்கு ஒரு மனிதர் நடந்த தூரத்தை அங்கே புரிந்துகொள்ளலாம். 1966-ல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அங்கேயும் ஒரு அருங்காட்சியகம் உண்டு.

சித்தூர்: எங்கே பார்க்கலாம்?

மேலே படியுங்கள்.

நல்லேப்பிள்ளி: மலம்புழை யட்சி பற்றிச் சொல்லுங்கள்.

அது சிற்பம். கானாயி குஞ்ஞிராமன் செய்தது. தனியாக ஒரு நாள் பேசலாம்.

பொள்ளாச்சி: ஒரு படம் என்ன விலை போகும்?

என்னிடம் கேட்காதீர்கள். ஏலக்காரர்களைக் கேளுங்கள்.

கொடுவாயூர்: என் பையனும் இந்தமாதிரி வரைவான் என்று...

மீனாட்சிபுரத்துக்குச் சொன்னதுதான். இதே கேள்வி இது நான்காவது தடவை. இனி இதற்குப் பதில் கிடையாது.

வண்ணாமடை: வீட்டில் மாட்ட ஒரு ஓவியம் வாங்கினேன். என்ன கவனிக்கணும்?

மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பேப்பரில் வரைந்தது என்றால் கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நான் வரைந்த வாட்டர்கலர் ஒன்றைச் சட்டம் போடக் கொடுத்தேன். மவுன்ட் இல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆடி மழையில் ஈரம் கோத்து நிறம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது பாதிப் படம் கண்ணாடியில் இருந்தது. என் அம்மா கிணற்றடியில் நிற்கிற படம் அது.

கொழிஞ்சாம்பாறை: முதல் கேள்வி கேட்டவன்தானுங்க. டில்லியெல்லாம் போக வசதியில்லை. பொண்ணு ஒன்பதாம் வகுப்பு, வரைவா. என்ன பண்ணலாம்?

பட்டாம்பி போய்க் கூடல்லூருக்கு பஸ் பிடியுங்கள். ஒரு தடவை சித்திரையில், மணல் திட்டுத் தெரியும்போது. இன்னொரு தடவை ஆடியில், இரண்டு ஆறும் கலங்கி வரும்போது. ஆடியில் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், கரையிலேயே உட்காரட்டும். ஒரு மணி நேரம் கழிந்தபின் நோட்டையும் கலர்ப் பெட்டியையும் கையில் கொடுங்கள். ஆற்றை வரையச் சொல்லாதீர்கள், பார்த்த நிறங்களை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் எனக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள் தம்பி. போட்டோ அனுப்ப வேண்டாம்.