கேளுங்க, பேசுவோம்: ராத்திரி 11 மணி விவாதம்

கேள்வி: அக்கா, பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல்ல, முதல் சுத்துல முன்னாடி வந்த ரெண்டு பேரு மட்டும் மோதற ரெண்டாவது சுத்துக்கு முன்னாடி, அந்த ரெண்டு பேரும் டிவில நேருக்கு நேர் உக்காந்து பேசறாங்களே, அத பாத்து யாராவது நிஜமாவே ஓட்ட மாத்திப் போடறாங்களா? நான் முழிச்சிருந்து பாத்தா வீட்ல அவரு கிண்டல் பண்றாரு.
– ஒரு வாசகி, சேன் தாந்த்ரே, ரியூனியன் (இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவு)

பதில்: கிண்டல விடுங்கம்மா, நீங்க பாருங்க. மாத்திப் போடறவங்க கொஞ்சம் பேர்தான், ஆனா போட்டி இழுபறியா இருந்தா அந்தக் கொஞ்சம் பேரே போதும். பிரான்சுல முதல் தடவ இந்த மாதிரி விவாதம் நடந்தது 1974 மே 10, சோஷலிஸ்ட் வேட்பாளர் மித்தரான் ஏழைங்க பக்கம் நின்னு பேசிட்டு வர, எதிர்ல இருந்த வலதுசாரி வேட்பாளர் ஜிஸ்கார் "இதயம் உங்க ஒருத்தருக்கு மட்டும் ஏகபோகம் இல்ல"ன்னு ஒரு வரி சொன்னாரு, கடைசில 50.81 சதவீதத்துல ஜெயிச்சாரு, வித்தியாசம் நாலேகால் லட்சம் ஓட்டுகூட முழுசா இல்ல. அந்த வரிதான் தன்ன ஜெயிக்க வச்சதுன்னு அவரே பின்னால சொன்னாரு. 1981ல மறுபடி அதே ரெண்டு பேரு, இந்தத் தடவ மித்தரான் தரப்பு கேமரா விஷயத்துலயே கறாரா இருந்துச்சு, ஒருத்தர் பேசும்போது கேட்டுட்டிருக்கறவர் முகத்த காட்டக்கூடாதுன்னு. முகம் சுளிக்கறதுகூட ஓட்டுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க பாருங்க.

விவாதத்துல ஜெயிக்கறத விட தோக்கறதுதான் பலமா அடிக்கும்னு நான் நம்பறேன். 2017ல தீவிர வலதுசாரி வேட்பாளர் மரீன் லு பென் மக்ரோனுக்கு எதிர்ல உக்காந்து, மேசைல ஃபைலப் புரட்டிப் புரட்டி, ரெண்டு கம்பெனி விவகாரத்த ஒண்ணோட ஒண்ணு குழப்பி, கடைசில 33.9 சதவீதத்தோட நின்னாங்க.

ஆனா நம்ம தீவு வேற கணக்கும்மா. 2017ல இங்க மக்ரோனுக்கு 60 சதவீதம். 2022 ஏப்ரல் 20, மறுபடி அதே ரெண்டு பேரு, விவாதம் முடிஞ்ச உடனே எடுத்த ஒரு கருத்துக்கணிப்புல மக்ரோன் நல்லா பேசினாருன்னு சொன்னவங்க 59 சதவீதம், நாலு நாள் கழிச்சு ரியூனியன்ல லு பென்னுக்கு விழுந்த ஓட்டும் 59.57 சதவீதம். பாரிஸ்ல 9 மணின்னா நமக்கு 11, மறுநாள் காலைல வேலைக்குப் போறவங்க எத்தன பேரு முழிச்சிருப்பாங்க? எங்க வீட்ல அப்பா ரிமோட்ட கையில புடிச்சபடியே தூங்கிட்டாரு, நான்தான் மெதுவா உருவி சத்தத்த குறைச்சேன். அரிசி விலை, பெட்ரோல் விலை, பிள்ளைக்கு வேலை இல்ல, இந்தக் கோவமெல்லாம் விவாதத்துக்கு ரொம்ப முன்னாடியே மனசுல உக்காந்துடுச்சு, ஒரு ராத்திரிப் பேச்சு அத எங்க எழுப்பப் போகுது.

கேள்வி: விவாதத்துக்கே வர மாட்டேன்னு சொன்னா தோத்துடுவாங்களா?
– ஒரு வாசகர், சேன் தெனி

பதில்: இல்லீங்க. 2002ல அப்ப ஜனாதிபதியா இருந்த ஷிராக், மரீனோட அப்பா ழான்மரீ லு பென்னோட உக்கார மாட்டேன்னுட்டாரு, 82 சதவீதம் வாங்கினாரு.

கேள்வி: 2027ல முழிச்சிருந்து பாக்கணுமா, துண்டு வீடியோ போதாதா?
– ஒரு வாசகி, சேன் பியேர்

பதில்: போதாதும்மா. துண்டு வீடியோல யாரு யார மடக்கினாங்கன்னு மட்டும்தான் வரும். தூக்கம் வந்தா மறுநாள் சாயங்காலம் முழுசா போட்டுப் பாருங்க, பக்கத்துல ஒரு கடிகாரம் வச்சுக்கங்க, நம்ம தீவ பத்தி, விமான டிக்கெட் விலைய பத்தி, அவங்க எத்தன நிமிஷம் பேசறாங்கன்னு எண்ணி எனக்கு எழுதுங்க.