லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையம்: கேள்வி பதில்

கேள்வி: இங்கு ரயில்கள் தெருவைவிட ஒரு மாடி உயரத்தில் வந்து நிற்பது ஏன்?

பதில்: நிலையத்துக்கு வடக்கே ரீஜென்ட் கால்வாய் குறுக்கிடுகிறது. மிட்லாண்ட் ரயில்வே தன் தண்டவாளத்தை அதன் மேலாகக் கொண்டுவந்ததால், 1868இல் திறக்கப்பட்ட நிலையத்தின் நடைமேடைகளும் உயரத்திலேயே அமைந்தன. அடியில் மண்ணைக் கொட்டி நிரப்பாமல், பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ அங்கே வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தி, பர்ட்டன் நகரிலிருந்து வரும் பீருக்கான கிடங்காக்கினார். தூண்களின் இடைவெளிகூடப் பீர்ப் பீப்பாயின் அளவை வைத்தே தீர்மானிக்கப்பட்டது.

கேள்வி: 73 மீட்டர் அகலக் கூரை நடுவில் தூணே இல்லாமல் எப்படி நிற்கிறது?

பதில்: வளைவின் இரு கால்களும் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும், அவற்றை இழுத்துப் பிடிக்கக் கூரையின் குறுக்கே கம்பிகளைக் கட்டுவது வழக்கம். பார்லோவுக்கு அவை தேவைப்படவில்லை. நடைமேடையைத் தாங்கும் இரும்பு உத்தரங்களே இரு கால்களையும் அடியில் பிணைத்துவிட்டன. நிலையத்தின் மிக அழகான யோசனை, கண்ணில் படாத இந்தப் பிணைப்புதான் என்பேன்.

கேள்வி: முகப்பிலுள்ள செங்கல் மாளிகை?

பதில்: ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த மிட்லாண்ட் கிராண்ட் ஹோட்டல், 1873இல் திறந்து, 1935இல் மூடப்பட்டு, ரயில்வே அலுவலகமாயிற்று. 1960களில் இடிக்கும் பேச்சு எழுந்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் எதிர்த்தனர். 1967இல் முதல்தரப் பாதுகாப்பு கிடைத்தது. 2011 முதல் மீண்டும் ஹோட்டல்.

கேள்வி: பாரிஸ் செல்லும் யூரோஸ்டார் ரயில்களுக்காகப் புதுப்பித்ததில் பழமை கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏறத்தாழ 400 மீட்டர் நீள ரயில்களில் பாதியை மட்டுமே பழைய கூரை மூடும் என்பதால், அதைப் போலிசெய்து நீட்டாமல், வடக்கே தட்டையான புதுக் கூரையொன்றைத் தனியாக அமைத்தார்கள். சாதாரணமான கட்டடம்தான், ஆனால் நேர்மையானது. கடினமான வேலை கீழே இருந்தது. பீர்க் கிடங்கைப் பயணிகள் கூடமாக்க வெளிச்சம் வேண்டும், அதற்கு நடைமேடைத் தளத்தில் பெரிய திறப்புகளை வெட்ட வேண்டும். வளைவைப் பிணைத்திருப்பதோ அதே தளம் என்பதால், பிணைப்பு தளராமல் பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டியிருந்தது. 2007 நவம்பர் 14 முதல் பாரிஸ் ரயிலுக்கான பயணிகள் அந்தக் கிடங்கு வழியாகத்தான் போகிறார்கள். மேலே நிறுத்திய 9 மீட்டர் வெண்கலச் சிலையைத் தவிர்த்திருக்கலாம்.

கேள்வி: நடைமேடைக் கூடத்தின் பெரிய கடிகாரம் பழையதா?

பதில்: இல்லை. பழையதை 1970களில் ஒரு சேகரிப்பாளருக்கு விற்று, கீழிறக்கும்போது அது விழுந்து நொறுங்கியது. ரயில்வே ஊழியர் ஒருவர் துண்டுகளை வாங்கிச் சென்று, தம் களஞ்சியச் சுவரில் பொருத்தி வைத்திருந்தார். இப்போதுள்ளது டென்ட் நிறுவனம் செய்த நகல்.