நொடித்துப்போன சிம்பொனிக்கு வரிப்பணம்: கேள்வி பதில்

கேள்வி: அரங்கு நிறைந்தாலும் ஆர்கெஸ்ட்ராவுக்கு நஷ்டம் என்கிறார்களே, அது எப்படி?

சிம்பொனி என்றால் பெரிய வாத்தியக் குழுவுக்கென்று எழுதிய நீண்ட இசைப் படைப்பு; அதை வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவையும் அந்தப் பெயரால் அழைப்பதுண்டு. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி 1808-ல் வியன்னாவில் அரங்கேறியது. அன்றைக்குத் தேவைப்பட்ட வாத்தியங்கள் அத்தனையும் இன்றைக்கும் தேவை. அதிலே மூன்று டிராம்போன், ஒரு பிக்கோலோ, ஒரு கான்ட்ராபஸூன் ஆகிய ஊதுவாத்தியங்களை வாசிப்பவர்கள் கடைசிப் பகுதி வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் மட்டும் முழுசு. தறியை வேகமாக ஓட்டினால் மீட்டருக்கு ஆகும் கூலி குறையும். சிம்பொனியை வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் சம்பளம் ஊர் நிலவரப்படி ஏறிக்கொண்டே போகும். பாமோல், போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே இதை விளக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான ஆர்கெஸ்ட்ராக்களுக்கு டிக்கெட் வசூல் செலவில் பாதியைக்கூட எட்டாது. மீதியை நன்கொடை, வைப்புநிதி வட்டி, மானியம் என்று தேற்றியாக வேண்டும்.

கேள்வி: நான் இருக்கும் அமெரிக்க நகரத்தில் ஆர்கெஸ்ட்ரா திவாலாகும் நிலை. நகராட்சி ஒரே தடவையாக ஒரு தொகை கொடுத்தால் பிழைக்குமா?

கொடுப்பதற்கு முன் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அடுத்த சீசனுக்கு முன்கூட்டியே வாங்கிய சந்தாப் பணம். அது கடன் பக்கத்தில், இனி நடத்தவேண்டிய கச்சேரிகளுக்கான பொறுப்பாக இருக்கும். அந்தக் கணக்கில் பெரிய எண் இருந்தும் வங்கியில் பணம் இல்லை என்றால், அடுத்த வருடப் பணத்தில் இந்த வருடச் சம்பளம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்பனை ஒரு வருடம் தடுமாறினால் அத்தோடு கதை முடிந்தது.

அடுத்து, நிபந்தனையோடு வந்த நன்கொடை. குழந்தைகள் கச்சேரிக்கென்று ஒருவர் கொடுத்ததைச் சம்பளத்துக்குத் திருப்பக் கூடாது. கையிருப்பில் அதைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். கடைசியாக வைப்புநிதி, அதாவது அசலை அழிக்காமல் வருமானத்தை மட்டும் எடுத்துச் செலவழிக்க வைத்திருக்கும் முதலீடு. வருடத்துக்கு 5 சதவீதம் வரை எடுப்பது வழக்கம். 8, 9 என்று எடுத்துக்கொண்டிருந்தால் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிறார்கள்.

இந்த ஓட்டைகளை அடைக்காமல் கொடுக்கும் மொத்தத் தொகை பழைய கடனுக்குத்தான் போகும். கொடுப்பதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரவுசெலவு அறிக்கையைப் பார்த்துத் தவணையாக விடுவியுங்கள்.

கேள்வி: அப்படியானால் தனியாக ஒரு வரி போடலாமா? எங்கேயாவது நடந்திருக்கிறதா?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் பகுதி மக்கள் 1988-ல் வாக்களித்து, 10 டாலருக்கு 1 சென்ட் என்று விற்பனை வரி கொண்டுவந்தார்கள். கலை, அறிவியல் அமைப்புகளுக்கு அதிலிருந்து பங்கு. ஆனால் 1989-லேயே டென்வர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா மூடப்பட்டது. முற்றிய கடனைப் புது வரியால் காப்பாற்ற முடியவில்லை. கலைஞர்களே முன்னின்று தொடங்கிய கொலராடோ சிம்பொனிதான் பிறகு அந்த வரியில் பங்கு பெற்றுவருகிறது.

ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரம் இருக்கும் கையஹோகா கவுண்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிகரெட் வரி. 2006-ல் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். சிகரெட் ஒன்றுக்கு 1.5 சென்ட், பாக்கெட்டுக்கு 30 சென்ட். கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவும் இதில் பயன்பெறுகிறது. கோளாறு வரியிலேயே இருந்தது. புகைப்பவர்கள் குறையக் குறைய வசூல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதனால் 2024 நவம்பரில் மறுபடி வாக்கெடுத்து 3.5 சென்ட்டாக, அதாவது பாக்கெட்டுக்கு 70 சென்ட்டாக ஏற்றினார்கள். என்னைக் கேட்டால் விற்பனை வரிதான் மேல். பொருளாதார மந்தம் வந்தால் வசூல் சரியும், ஆனால் திரும்ப எழும்.

கேள்வி: லண்டனில் ஒரு சிறிய குழுவின் கணக்கைப் பார்க்கிறேன். ஆர்கெஸ்ட்ரா வரிச்சலுகை எங்களுக்குக் கிடைக்குமா?

கச்சேரி தயாரிக்கும் செலவில் ஒரு பங்கைப் பிரிட்டிஷ் அரசு திருப்பித் தரும் சலுகை இது. குறைந்தது 12 வாத்தியக்காரர்கள் வேண்டும். ஒலிபெருக்கியில் இணைத்த வாத்தியங்கள் இருந்தால் அவை சிறுபான்மையாக இருக்க வேண்டும். நம்மூர் மெல்லிசைக் குழு போல கீபோர்டு, எலெக்ட்ரிக் கிடார் என்று மின்வாத்தியங்களே அதிகம் இருந்தால் தகுதி போச்சு. குழு ஒரு கம்பெனியாக, நிறுவன வரிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

தகுதியான செலவு 1,00,000 பவுண்டு என்றால் அதில் 80 சதவீதம், 80,000 கணக்கில் வரும். 2025 ஏப்ரல் முதல் விகிதம் 45 சதவீதம். ஆக அதிகபட்சம் 36,000 பவுண்டு. சலுகைக் கணக்கில் வரும் நஷ்டம் அந்த 80,000-ஐவிடக் குறைவாக இருந்தால் தொகையும் குறையும்.

பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடத்தில். ஒத்திகைக்கான சம்பளம் சேரும், கச்சேரி நடக்கும் நேரத்துச் சம்பளமும் விளம்பரச் செலவும் சேராது. எனவே ஒப்பந்தத்திலேயே ஒத்திகைச் சம்பளத்தையும் கச்சேரிச் சம்பளத்தையும் பிரித்து எழுதுங்கள். இன்னொன்று, பல கச்சேரிகளை ஒரே தொடராகக் காட்டுவதானால் முதல் கச்சேரிக்கு முன்பே அந்தத் தேர்வைத் தெரிவித்துவிட வேண்டும். பணம் வருடம் முடிந்து கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் வரும். அதை நம்பி இந்த மாதச் சம்பளம் போடாதீர்கள்.

கேள்வி: ஆட்களைக் குறைத்தால் சரியாகிவிடாதா?

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகர சிம்பொனியில் அந்தத் திட்டம்தான் வைத்தார்கள்: முழுநேரக் கலைஞர்கள் 72-லிருந்து 42. 2021 செப்டம்பரில் வேலைநிறுத்தம், 2022 ஜூனில் சிம்பொனியே கலைப்பு. 42 பேரை வைத்து, பெரிய குழு கேட்கும் பிராம்ஸ் போன்ற இசையமைப்பாளரின் படைப்பை வாசிக்க, ஒவ்வொரு கச்சேரிக்கும் வெளியாட்களைக் கூப்பிட வேண்டும். இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். சேர்ந்து வாசித்துப் பழகிய ஒலி போய்விடும், அதன்பின் நன்கொடை தருபவரும் போய்விடுவார். செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் சீசன் வாரங்களில் கைவையுங்கள், கலைஞர்களின் நாற்காலிகளில் வேண்டாம்.

கேள்வி: ஜெர்மனியில் எல்லாம் அரசே பார்த்துக்கொள்ளுமாமே?

பெரும்பங்கு அரசுப் பணம்தான். ஆனாலும் 1992-ல் 168 ஆக இருந்த பொதுநிதி ஆர்கெஸ்ட்ராக்கள் இப்போது 130-க்கும் கீழே. அங்கே திவால் அறிவிப்பு அபூர்வம், இணைப்பு சகஜம். ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவையும் பாடன்-பாடன், ஃப்ரைபுர்க் ஆர்கெஸ்ட்ராவையும் 2016-ல் ஒன்றாக்கினார்கள். எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது, முடிவு மாறவில்லை.