மிச்சம் எங்கே போகிறது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் இரு வேளைக்கும் சேர்த்துச் சமைத்துவிடுவேன். ஆனாலும் வாரம் மூன்று இரவு 450 ரூபாய்க்கு வெளியிலிருந்து வரவழைக்கிறோம். காலைக் குழம்பு குப்பைக்குப் போகிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. தொடங்கப் பணம் நிற்கவில்லை. மளிகைச் செலவில் எதைக் குறைக்கலாம்? – வாசகி, திருச்சி

பதில்: மளிகையில் கை வைக்காதீர்கள். வாரம் 1,350 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 70,200 ரூபாய். ஓட்டை அங்கே இருக்கிறது. வீட்டில் சோறு இருக்கும்போதே வாங்குகிறீர்கள் என்றால், அது பசிக்காக அல்ல; காலைக் குழம்பின் முகத்தில் மறுபடி விழிக்கும் சலிப்புதான். எனவே நிதி ஆலோசகனான நான் முதலில் தாளிப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மிஞ்சிய சாம்பாரை வெறுமனே சுட வைத்தால் யாருக்கும் இறங்காது. ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் நான்கு சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, சிட்டிகை பெருங்காயம் போட்டுப் புதிதாகத் தாளித்துக் கொட்டுங்கள். இவற்றின் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். கொதிக்கும் சாம்பாரில் நேராகப் போட்டால் அந்த வாசனை வராது. புளிக்குழம்பாக இருந்தால் உங்களுக்கு யோகம். சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட வையுங்கள். கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதோடு ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிசைவது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். மிஞ்சிய இட்லி உப்புமாவாகட்டும், புளித்த மாவு பணியாரமாகட்டும்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காலை வடித்த சோற்றை மாலைவரை மேடையில் விட்டுவிடாதீர்கள். சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வயிற்றைக் கெடுத்துக்கொண்டு மருத்துவருக்குக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மூன்றில் இரண்டு இரவு நின்றாலே மாதம் 3,900 ரூபாய் கையில் நிற்கும். நிற்க விட்டால் அது வேறு வழியில் போய்விடும். ஆகவே சம்பளம் வந்த மறுநாளே 3,500 ரூபாய் வங்கியில் மாதாமாதம் ஒரே தொகை சேர்க்கும் ஆர்.டி.க்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஓராண்டில் அசல் மட்டுமே 42,000 ரூபாய். அவசரத்துக்கென்று கையிருப்பு இல்லாத நிலையில் எஸ்.ஐ.பி. காத்திருக்கலாம். பங்குச் சந்தை இறங்கிய மாதத்தில் ஒரு செலவு வந்தால் முதலீட்டை நட்டத்துக்கு விற்க நேரும்.

மூன்றாவது இரவை நான் கேட்கவில்லை. சனிக்கிழமை பிரியாணியை நானும் விட்டபாடில்லை.