நாமா, நாங்களா? வானொலி அறிவிப்பில் சொல் தேர்வு

வாசகர் கேள்வி: காவிரிப் படுகையில் உள்ள எங்கள் கல்லூரிச் சமுதாய வானொலியில் மாணவர்களும் சுற்றுவட்டார ஊர்ப் பெண்களும் அறிவிப்பாளர்களாக இருக்கிறார்கள். அறிவிப்புகளை ஒழுங்குபடுத்த ஆறு மாதங்களுக்கு முன்பு ஓர் எழுத்து மாதிரி தயாரித்துக் கொடுத்தோம். பிழைகள் குறைந்தன, கூடவே நேயர்களின் தொலைபேசி அழைப்புகளும் குறைந்துவிட்டன. நிகழ்ச்சிகளையோ பாடல்களையோ நேரத்தையோ நாங்கள் மாற்றவில்லை. சொற்கள் மட்டுமே இவ்வளவு செய்துவிடுமா? எதைத் திருத்துவது?

பதில்:

செய்துவிடும். நீங்கள் அனுப்பிய மாதிரியைப் படித்தேன். அத்துடன் வந்த இரண்டு மணி நேர ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டேன். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது, உச்சரிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் பத்து நிமிடத்துக்குள் "நாங்கள்", "எங்கள்", "எங்களோடு" என்ற சொற்கள் பதினான்கு முறை வருகின்றன. "நாங்கள் வழங்கும் காலை நிகழ்ச்சி", "எங்கள் நிலையத்தின் உழவர் அரங்கம்", "எங்களோடு இணைந்திருங்கள்" என்று ஒவ்வொரு வாக்கியமும் வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு வெளியே பார்த்துப் பேசுகிறது.

பேசுகிறவரையும் கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்ல "நாம்" என்றும், கேட்கிறவரை விலக்கிச் சொல்ல "நாங்கள்" என்றும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. வீட்டுக்கு வந்த உறவினரிடம் "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று சொன்னால் அவர் செருப்பைத் தேடுவார். "நாம் சாப்பிடலாம்" என்று சொன்னால் கை கழுவப் போவார். வானொலிப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருப்பவரும் இதே தமிழைப் பேசுகிறவர்தாம். காரணத்தை அவரால் எடுத்துச் சொல்ல முடியாமல் போகலாம், ஆனால் தன்னைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிடும். "அடுத்து நாம் கேட்கப்போவது", "நம்ம ஊர் வாய்க்காலில் நேற்றுத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள்" என்று மாற்றிப் பாருங்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் "நாம்" என்று போட்டுவிடக் கூடாது. நிலையம் தவறு செய்த இடத்தில் "நாங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் பதிவில் கால்நடை மருத்துவ முகாமின் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டு, மறுநாள் "தேதியில் சிறு குழப்பம் ஏற்பட்டுவிட்டது" என்கிறார் அறிவிப்பாளர். குழப்பம் தானாக ஏற்படவில்லை. அந்த வெயிலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து போய்த் திரும்பியவருக்கு, "நேற்று நாங்கள் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டோம், முகாம் வருகிற வியாழக்கிழமை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதே மரியாதை.

வானொலித் தமிழில் கேட்பவருக்கு வழங்கும் பெயரே "நேயர்" என்பதை உங்கள் மாணவர்களுக்கு ஒரு நாள் விளக்கிச் சொல்லுங்கள். நேயம் என்றால் அன்பு. அன்புடையவர் என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கேட்பவருக்குச் சூட்டி, அதையே தினமும் பல முறை சொல்லி அழைக்கும் மரபு நம்முடையது. உங்கள் மாதிரியில் அது போய், "காலர்" வந்திருக்கிறது: "அடுத்த காலர் லைனில் இருக்கிறார்." தனியார் பண்பலை நிலையங்களில் இது பழகிப்போயிருக்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டுமே எட்டும் உங்கள் நிலையத்துக்குக் கூப்பிடுகிறவர், பெரும்பாலும் உங்கள் அறிவிப்பாளர் நாளைக்குச் சந்தையில் எதிரே பார்க்கப்போகிறவர்.

தொலைபேசி உரையாடல்களில்தான் சேதம் அதிகம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பதிவின் நாற்பதாவது நிமிடத்தில் வயதான ஒரு பெண் கூப்பிடுகிறார். "உங்கள் பெயர் என்ன?" என்பது அறிவிப்பாளரின் முதல் கேள்வி. அவர் தயங்குகிறார். பின்னால் யாரோ ஏதோ சொல்கிறார்கள். "உங்கள் பெயரைக் கூறுங்கள்" என்று மாதிரியில் உள்ளபடி மறுபடியும் கேட்கப்படுகிறது. அவர் பெயர் சொன்ன கையோடு "உங்கள் கேள்வி என்ன?" வருகிறது. அவர் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. உடனே "காலர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்" என்று அறிவிப்பு.

அவர் எதையும் துண்டிக்கவில்லை. கோபுரத்தின் சிக்னல் போயிருக்கும், அல்லது கைப்பேசியில் பணம் தீர்ந்திருக்கும். ஆனால் பேச வந்துவிட்டுப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் என்று அவர் தெரு முழுவதும் கேட்டுவிட்டது. அவர் இனிக் கூப்பிடமாட்டார், அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடமாட்டார். "எந்த ஊர்லேர்ந்து பேசுறீங்கம்மா?" என்று தொடங்கியிருந்தால் தயக்கமில்லாமல் பதில் வந்திருக்கும், ஊரைச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை, பெயர் தானாகப் பின்னால் வரும். இணைப்பு அறுந்ததும், "லைன் விட்டுப்போச்சு, அம்மா மறுபடி கூப்பிடுங்க, அஞ்சு நிமிஷம் காத்திருக்கோம்" என்றால் பழி கம்பியின்மேல் போகும், அழைப்பு நிலுவையில் நிற்கும்.

இங்கே பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற பழைய விவாதம் எழும். என் கருத்து இது: எழுதி வைத்துப் படிப்பதை எழுத்துத் தமிழில் படியுங்கள், ஒருவருக்குப் பதில் சொல்வதைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதுதான் காதை உறுத்துகிறது. "அம்மா, தாங்கள் எந்தப் பாடலை விரும்புறீங்க?" என்பதில் முதல் பாதி மேடையில் நிற்கிறது, மறுபாதி அடுப்படியில் நிற்கிறது.

முறையான தமிழ் நெருக்கத்தைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் போன்ற இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கவனமான, திருத்தமான தமிழைத்தான் பேசினார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அவர்களைத் தங்கள் வீட்டு மனிதர்களாகவே நினைத்தார்கள். விருப்பப் பாடல் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் பொறுமையாக, முழுதாக வாசித்ததில் அந்த நெருக்கம் இருந்தது. "மற்றும் பலர்" என்று உங்கள் மாதிரி முடிக்கிற இடத்தில் ஒன்பது பேர் விடுபட்டுப்போகிறார்கள். அவர்களில் ஒருவர் மூன்று வாரம் காத்திருந்தவராக இருக்கலாம்.

அதேபோல், நிலையான தொடக்கத்தைத் தினமும் புதுப்பிக்க வேண்டும் என்று மாணவர்களைத் தூண்டாதீர்கள். "ஆகாஷவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பள்ளிக்குக் கிளம்பும் நேரமாகவும் இருந்தது, நம்பிக்கையாகவும் இருந்தது. மாறாத ஒரு வரி மாறாத நேரத்தில் வருவது வீட்டு வாசலில் தினமும் ஒரே நேரத்தில் கேட்கும் பால்காரர் குரலைப் போன்றது.

வேளாண் நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலி தஞ்சைப் பகுதி உழவர்களிடம் கொண்டுசேர்த்த ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை மக்கள் "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள். உங்கள் நேயர்கள் அந்த உழவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாம். அவர்களிடம் போய் "பயனாளிகள் உரிய ஆவணங்களுடன் அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்கிறது உங்கள் மாதிரி. கேட்டுக்கொள்வது யார்? எந்த ஆவணம்? எங்கே அணுகுவது? "சிட்டாவையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் போங்கள்" என்று சொல்ல அதைவிட அதிக நேரம் ஆகாது. அரசு அலுவலகக் குறிப்பில் "பயனாளி" இருக்கட்டும்; உங்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் அவர் நிலம் வைத்திருக்கும் மனிதர்.

எச்சரிக்கை அறிவிப்புகளில் இது உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் ஒலிபரப்பு கடலோரக் கிராமங்கள் சிலவற்றையும் எட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்பதோடு நிறுத்தாமல், துறைமுகத்தைப் பலத்த காற்று தாக்கக்கூடும் என்பதே அதன் பொருள் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்பதை "இன்று இரவும் நாளையும் கடலுக்குப் போகாதீர்கள், வானிலை ஆய்வு மையம் சொல்லியிருக்கிறது" என்று நேரே சொல்லுங்கள். காற்றின் வேகத்தைக் கிலோமீட்டரில் சொன்ன கையோடு, வாடையா கொண்டலா கச்சானா என்று அவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயரையும் சொல்லுங்கள். இந்த வேலையைப் பாம்பனில் மீனவர்களுக்கென்றே நடக்கும் "கடல் ஓசை" போன்ற நிலையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள மாணவர்களை அனுப்பலாம்.

மின்சாரம் போய் ஒலிபரப்பு நின்ற பிறகு "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது விடுபட்டது, மறுபடி எப்போது வரும் என்பதையும் சொல்லுங்கள்: "ஆறு மணிச் சந்தை விலை விடுபட்டுவிட்டது, ஏழே காலுக்கு மறுபடி வாசிக்கிறோம்." அப்படிச் சொன்னால் ஏழே காலுக்கு வாசித்தே ஆக வேண்டும். "இன்னும் சற்று நேரத்தில்" என்பதை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மணியை எழுதுங்கள்.

இந்தத் திருத்தங்களையும் அச்சடித்துக் கொடுத்து ஒப்பிக்க வைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை அறிவிப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து தங்கள் பதிவில் ஒரு மணி நேரத்தைக் கேட்கட்டும். கையில் பென்சிலுடன் "நாங்கள்" வந்த இடத்தையும், "படுகிறது" என்று முடிந்த வாக்கியத்தையும், பதில் கிடைக்காமல் போன நேயரையும் குறிக்கட்டும். அந்த அமர்வுக்கு ஊர்ப் பெண்களில் ஒருவரைத் தலைமை தாங்கச் சொல்லுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் பேச வந்த அந்த அம்மாவின் எண் நிலையத்துத் தொலைபேசியில் இருந்தால், இந்த வாரமே நீங்கள் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன கேட்க வந்தார் என்று விசாரியுங்கள்.