36 இன்ச் வீல் சைக்கிளா? பைப்ப வெட்டுறதுக்கு முன்னாடி டயர வாங்குங்க

பெரம்பூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஹைட் 6 அடி 4 இன்ச், எந்த சைக்கிள்ல ஏறினாலும் முட்டி ஹேண்டில்பார்ல இடிக்குது, ஒருத்தர் 36 இன்ச் வீல் போட்டு செஞ்சு தரேன், 90,000 ஆகும், பாதிக்கு மேல அட்வான்ஸ் வேணும்ங்கிறாராம், குடுக்கலாமான்னு.

குடுக்காதீங்க தம்பி. சைக்கிளே வேணாம்னு சொல்லல, உங்க ஹைட்டுக்கு 36 நல்லாவே இருக்கும், வெளிநாட்டுல டர்ட்டிசிக்ஸர்னு ஒரு கம்பெனி உயரமானவங்களுக்குன்னே அந்த சைஸ்ல செய்யுது. ஆனா அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, டயர் எங்க? 36 டயர் பெரும்பாலும் ஒத்த சக்கர சைக்கிள் ஓட்டுறவங்களுக்காக வர்றது, சென்னை ரத்தன் பஜார் சைக்கிள் மார்க்கெட்ல கடை வாசல்ல தொங்கவிட்டு விக்கிற சரக்கு இல்ல. டயரையும் ரிம்மையும் கண்ணுல காட்டாம பணம் கேக்குறவர் டயர் கிடைக்கலன்னு ஆறு மாசம் இழுப்பார், அதுக்குள்ள உங்க காசு வேற ஒருத்தர் வேலைக்கு போயிருக்கும், இந்தக் கதைய நான் கேக்காத வருஷம் இல்ல.

அடுத்த பொறி, "ரிம்ம நாங்களே வளைச்சு வெல்டிங் வெச்சுக்குவோம்". ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட குறுக்களவு 36க்கு 787 மில்லிமீட்டர், கண்ணுக்கு வட்டமா இருந்தா போதாது, சில மில்லிமீட்டர் தப்பினாலே டயர் ஏறாது, இல்ல ஓடும்போது கழண்டுக்கும். டயர் பக்கவாட்டுல 57-622 மாதிரி அடிச்சிருப்பாங்க, ரெண்டாவது நம்பர்தான் இந்த அளவு, இன்ச் கணக்க நம்பவே நம்பாதீங்க. தாத்தா காலத்து ரோட்ஸ்டர், அதான் அந்த உயரமான பழைய சைக்கிள், அதோட 28 x 1½ இன்ச் ரிம் 635, 29ன்னு விக்கிற எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் ரிம் வெறும் 622. ஆமா, 28 ரிம்தான் பெரிசு! 29ல குண்டு டயர் மாட்டுறதால வெளி அளவு கூடி தெரியுது, அவ்ளோதான். ரோட்ஸ்டர் டயர 29 ரிம்ல போட்டா லூசா நிக்கும், 29 டயர ரோட்ஸ்டர் ரிம்ல போட்டா ஏறவே ஏறாது. இத எழுதி எழுதி என் கை ஓஞ்சு போச்சு, இன்னும் கடையில இன்ச்சுதான் பேசுறாங்க.

பழைய ரோட்ஸ்டர் பிரேம்ல, சக்கரத்த பிடிச்சிருக்குற போர்க்க மட்டும் நீட்டித் தரேன்னா ஓடியே வந்துடுங்க. 28லேர்ந்து 36க்கு போனா ஆக்சில், அதாவது சக்கரத்தோட நடு அச்சு, 10 செமீ மேல ஏறுது, அதோட பெடலும் ஏறும், சிக்னல்ல கால் தரையில எட்டாது. பிரேம புதுசாத்தான் போடணும், பெடல் அச்சு ஆக்சிலுக்கு ரொம்ப கீழ வரணும், அங்கேர்ந்து முன் ஆக்சில் வரைக்கும் 70 செமீக்கு மேல வேணும், இல்லன்னா திரும்பும்போது ஷூ டயர்ல உரசும். பிரேக்குக்கு டிஸ்க், 203 மிமீ, வேற யோசிக்க வேணாம்.

கியர யாரும் சொல்ல மாட்டாங்க. 44 பல்லு செயின் வீல், 18 பல்லு ஃப்ரீவீல் வெச்சா 28ல பெடல் ஒரு சுத்துக்கு அஞ்சரை மீட்டர் போகும், அதையே 36ல வெச்சா 7 மீட்டர், பெரம்பூர் மேம்பாலம் ஏறுறதுக்குள்ள தொடை செத்துடும். முன்னாடி 34 பல்லு போடுங்க, பழைய கணக்கு திரும்ப வந்துடும். சக்கரக் கம்பியும் ரெடிமேடா இருக்காது, நீளமா ஆர்டர் குடுத்து வாங்கணும், அத முடுக்கி சக்கரத்துல கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச கை வேணும், அது தெரிஞ்ச பெரியவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

உலகத்துலயே சைக்கிள் தயாரிக்கிறதுல ரெண்டாவது நாடு நம்மளது, அம்பத்தூர்ல சைக்கிள் கம்பெனியே வெச்சிருக்குற ஊரு, 6 அடி தாண்டினவனுக்கு கடையில ஒரு பிரேம் கிடைக்கிறது இவ்ளோ கஷ்டமா? நான் வரவழைச்ச ரெண்டு டயர் வழியில வாரக்கணக்குல முடங்கி, இது எந்த வண்டிக்குன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தப்புறம்தான் வந்துச்சு. இதனாலதான் புரோக்கர்ங்க பொழைக்கிறாங்க. பில்லுல 18% ஜிஎஸ்டின்னு போட்டா கேளுங்க, சைக்கிளுக்கும் பார்ட்ஸுக்கும் 2025 செப்டம்பர் 22லேர்ந்து 5%தான்.

நீங்களே உங்க பேர்ல ரெண்டு டயர், ரெண்டு ரிம், நாலு ட்யூப் வாங்குங்க, ட்யூப் தீர்ந்துட்டா அவசரத்துக்கு 29 ட்யூப இழுத்துப் போட்டு வீடு வந்து சேந்துடலாம். எல்லாம் கைக்கு வந்ததும் இடுப்புக்கு கீழ, உள்பக்கமா தொடை இடுக்குலேர்ந்து குதிகால் வரைக்கும் எத்தன செமீன்னு அளந்து எழுதுங்க, பிரேம் அளவு நான் போட்டுத் தரேன்.